அரக்குத் தண்ணீர் ஓடிய கம்ப்யூட்டர்

களம்பூரில் ஒரு ரைஸ் மில் வாசலில்தான் அது எனக்குத் தோன்றியது. மில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். அதை முடித்துவிட்டு ஆரணி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றது. டிரைவர் இறங்கி, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று ஆவி. விலகி நின்று ஒரு பீடியை இழுத்து முடித்த பிறகு குடத்துத் தண்ணீரை மெதுவாகச் சாய்த்தார். இன்ஜின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய இரும்பு, அவ்வளவு சூடு, அதை அடக்கி வைப்பது இந்தத் தண்ணீர்தான். என் மேஜையில் இருக்கும் பிராசஸர் ஒரு தீப்பெட்டி அளவுதான் வரும். அதற்குப் போய் நான் ஏன் காற்றை ஊதிக்கொண்டிருக்கிறேன்?

பஸ் வந்ததையும் போனதையும் நான் பார்க்கவில்லை. லாரிக்கு அடியில் குனிந்து, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கைச்செலவுக்கு. பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவதுதான் என் வேலை. முந்தானையில் மயில் வேண்டும், பார்டரில் யானை வேண்டும் என்பார்கள். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவேன். ஒரு கட்டம் என்பது ஒரு இழை. அதைப் பார்த்துத்தான் தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு அட்டையில் துளை போடுவார்கள். ஒரு துளை தப்பினால் மயிலுக்குக் கண் போய்விடும். வரைவதெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கஷ்டமில்லை. வரைந்ததை நெய்த துணி மாதிரி காட்டு என்று சொல்லும்போதுதான் அது திணறும். எங்கள் வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், தினமும் மத்தியானம் திரை அப்படியே கறுத்துப் போகும். செய்ததெல்லாம் போச்சு.

அவனுக்கு அப்படி ஆவதில்லை.

அவனும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். அவன் அப்பாவுக்குப் பஜாரில் பட்டுக்கடை. கடைக்குப் பின்னால், சரிகைப் பெட்டிகள் வைத்திருந்த அறையை ஒழித்து அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். புது கம்ப்யூட்டர், கண்ணாடி வைத்த கேபினெட், உள்ளே நீல வெளிச்சத்தோடு சுற்றும் ஃபேன். எல்லாவற்றுக்கும் மேல் ஏசி. அந்தக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே ஒரு சில்லிப்பு, அது என் வயிற்றுக்குள் இறங்கும்போது எரிச்சலாக மாறிவிடும். மனுஷனுக்கு ஏசி வைத்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவன் கம்ப்யூட்டர் ஏசியில் உட்கார்ந்திருந்தது.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன்டா மாடியில வெந்துகினு கீற? இங்க வந்து ஒர்க் பண்ணுடா. டேபிள் சும்மாதானே கீது" என்பான்.

"பரவால்லடா. எனக்கு ஏசி ஒத்துக்காது. சளி புடிச்சிக்கும்."

அவனுக்கு ஈடாக ஓட வேண்டும் என்று என் பழைய பிராசஸரை அதன் சக்திக்கு மேல் ஓட்டினேன். போர்டில் இருக்கும் சின்ன ஜம்பரைப் பிடுங்கி வேறு இடத்தில் குத்தினால் வேகம் கூடும். கூடவே சூடும் கூடும். அதனால் மத்தியானம் செத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் காலை டிபனுக்கே சாக ஆரம்பித்தது.

இந்த நேரத்தில்தான் பெரிய தெருவில் இருக்கும் பட்டு முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். கல்யாண சீசனுக்கு ஒரு முந்தானை. நடுவில் ரெட்டை அன்னம், சுற்றிலும் கொடி, கொடிக்குள் கிளி.

"ரெண்டு பேரும் போடுங்க தம்பி. யாரு ஜல்தியா முடிச்சிகினு வராங்களோ, இந்த சீசன் டிசைன் பூரா அவங்களுக்குத்தான். எனக்கு ஆள் முக்கியம் இல்ல, நாள்தான் முக்கியம்."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் தரையைப் பார்த்தேன். அந்த முந்தானை எனக்கு வேண்டும். அதைவிட, அவனுக்கு அது போகக் கூடாது.

பிரவுசிங் சென்டரில் தேடினால், வெளிநாட்டில் பையன்கள் இதே வேலையை வீட்டிலேயே செய்துகொண்டிருந்தார்கள். செம்பில் ஒரு கட்டி, அதற்குள் தண்ணீர் போக வழி, ஒரு மோட்டார், ஒரு ரேடியேட்டர், அவ்வளவுதான். அவர்கள் சொன்ன சாமான் எதுவும் ஆரணியில் கிடைக்காது. ஆனால் ஆரணியில் வேறு சாமான் கிடைக்கும். டியூபுக்குக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப், கண்ணாடி மாதிரி இருக்கும். மோட்டாருக்கு ஏர் கூலருக்குள் தண்ணீர் ஏற்றும் குட்டி மோட்டார். தொட்டிக்கு அம்மாவின் ஊறுகாய் டப்பா. ரேடியேட்டர் காயலான் கடையில் ஒரு நசுங்கிப்போன காரின் வயிற்றுக்குள் கிடந்தது, அலுமினியத்தில், புத்தகம் அளவுக்கு.

செம்புக் கட்டியை லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். குறுக்கும் நெடுக்கும் துளை போட்டு, ஒன்றோடு ஒன்று சேர்ந்து தண்ணீர் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினேன்.

"இன்னா தம்பி இது, எலிக்கு வீடா?"

"கம்ப்யூட்டருக்குண்ணே. சூடு ஆவுது."

"அப்ப ஃபேன் போடு."

"ஃபேன் இருக்குண்ணே. பத்தல."

"எனக்கும்தான் பத்தல" என்று சொல்லிவிட்டு அவர் மெஷினை ஓட்டினார்.

இரண்டு பக்கமும் பித்தளைக் குழாயைப் பற்றவைத்து, அடிப்பக்கத்தை முகம் தெரிகிற வரைக்கும் எமெரித் தாளில் தேய்த்தேன். செய்தித்தாள் விரித்து ஒரு பகல் முழுக்க வெறும் தண்ணீரை ஓடவிட்டேன். ஒரு பொட்டு ஒழுகவில்லை. பிறகு பிராசஸர் மேல் வைத்து முடுக்கி, சுவிட்சைப் போட்டேன்.

மத்தியானம் வந்தது, போனது, திரை கறுக்கவில்லை. கட்டியைத் தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் விட்ட குழந்தை நெற்றி மாதிரி இருந்தது. அன்னம் இரண்டும் கழுத்தைப் பின்னிக்கொண்டு, துணியாக மடிந்து, திரையில் வந்து நின்றன. மாடியிலிருந்து கத்தினேன். கீழே இருந்து அம்மா, "கரண்ட் அடிச்சிட்டுதாடா?" என்று ஓடி வந்தாள்.

அவனை வரச்சொன்னேன். வேறு எவனையும் கூப்பிடத் தோன்றவில்லை. அவன் பார்க்க வேண்டும், பார்த்து ஒரு நிமிஷமாவது அவன் முகம் சுருங்க வேண்டும். அது சுருங்கவே இல்லை.

"டேய், சூப்பர்டா! நீயேவாடா பண்ண? எப்டிடா?" என்று குழாய் குழாயாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு கொஞ்சம் தலையைச் சாய்த்து, "ஆனா தண்ணி ஓடறதே தெரியலியேடா. சும்மா காலி டியூப் மாதிரி கீது" என்றான்.

பேச்சுவாக்கில் சொன்னதுதான். எனக்கு அவன் கேபினெட்டில் நீலமாகச் சுற்றும் ஃபேன் கண்ணுக்குள் வந்து நின்றது.

அன்று சாயங்காலமே சேவூரில் இருக்கும் மாமாவின் சாயப்பட்டறைக்கு சைக்கிளை மிதித்தேன். பட்டு நூலை அரக்கு நிறத்தில் முக்கி எடுத்த தொட்டியில் சாயம் மிச்சம் இருந்தது. மாமா எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. எப்படியும் கொட்டப்போகிற தண்ணீர், எடுத்துக்கொண்டு போ என்றுவிட்டார். ஆசிட் போட்டால்தான் பட்டு சாயத்தைப் பிடிக்கும் என்பது இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் தெரியும். அலுமினியத்தை ஆசிட் தின்னும் என்பது பாலிடெக்னிக்கில் முதல் வருஷப் பாடம். இரண்டும் ஒரே மண்டைக்குள்தான் இருந்தன. அன்று சாயங்காலம் இரண்டும் பேசிக்கொள்ளவில்லை.

கல்யாணப் புடவை அரக்கு, டியூப் முழுக்க வளைந்து வளைந்து ஓடியது. மாடிப்படியில் ஏறி வந்த அம்மா அங்கேயே நின்றுவிட்டாள்.

"இன்னாடா இது, ஆஸ்பத்திரில ரத்தம் ஏத்தற மாதிரி கீது. பொட்டிக்கு உடம்பு சரியில்லியா?"

முதலாளியும் வந்து பார்த்தார். முந்தானையைவிட டியூபைத்தான் அதிக நேரம் பார்த்தார். "நம்ம கலரு" என்று ஒரு வார்த்தை. எனக்கு அது போதும். போகும்போது, "அன்னம் ஜோரா வந்துகினு இருக்குது. கொடியையும் முடிச்சிடு தம்பி" என்றார். அவன் இன்னும் கொடிக்கே வரவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு மூன்று நாட்களும் எனக்கு யார் மேலும் பொறாமை இல்லை. உடம்பில் ஏதோ ஒரு பாகத்தைக் காணோம் என்கிற மாதிரி இருந்தது.

டியூபில் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. எங்கேயோ காற்று நுழைகிறது என்று கிளாம்பை இறுக்கினேன். அரக்கு கொஞ்சம் கலங்கியது. பட்டறை அழுக்கு என்று நினைத்தேன். கொடியில் கடைசிக் கிளிக்கு மூக்கு வைத்துக்கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டருக்குப் பின்பக்கத்திலிருந்து மெல்லிய சத்தம், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. ரேடியேட்டரில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. அதிலிருந்து நூல் பிடித்த மாதிரி சிவப்பு இறங்கி, போர்டு முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்குவதற்குள் புகை வந்துவிட்டது.

அம்மா சொல்லி அவன் ஓடி வந்தான். எரிந்த வாசனையை மோந்து பார்த்தான். திட்டவில்லை, சிரிக்கவில்லை.

"ஹார்ட் டிஸ்க் நல்லா கீதா?"

"இருக்கும்னு நெனைக்கறேன்."

"கழட்டுடா. என் மெஷின்ல மாட்டி முடிச்சிடு. ஒரு நாள் வேலைதானே பாக்கி? நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்."

அந்த அறை, அந்த சில்லிப்பு, நீல வெளிச்சம். அங்கே உட்கார்ந்து முடித்தால் முந்தானை என்னுடையது. ஆனால் அவனால் முடிந்தது என்று ஆகிவிடும். "வேணாம்டா" என்றேன்.

"பேஜார் புடிச்சவன்டா நீ. ஏன்டா வேணாம்?"

"வேணாம்னா வேணாம்."

இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். வேலூருக்குப் போய்ப் பழைய போர்டு ஒன்றைத் தேடிப் பிடித்து வருவதற்குள் அவன் கொடியை முடித்து, கிளியை முடித்து, முதலாளி கையில் கொடுத்துவிட்டான். சீசன் பூரா அவனுக்கு. முதலாளி சொன்ன சொல்லை மாற்றவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை, அதுவும் ஒரு எரிச்சல்.

போன வாரம் பஜாரில் கரண்ட் போனது. அவனுடைய யூபிஎஸ் கம்ப்யூட்டரைத் தாங்கியது, ஏசியைத் தாங்கவில்லை. ஜன்னல் இல்லாத அறை, பக்கத்திலேயே சூடு கக்கும் யூபிஎஸ். புது கம்ப்யூட்டர் என் பழைய கம்ப்யூட்டர் மாதிரியே கறுத்துப்போய் நின்றது. மறுநாள் காலையில் அவன் எங்கள் மாடியில் நின்றான்.

"எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுடா."

பதிலை நான் இன்னும் கொஞ்ச நேரம் வாயில் போட்டு வைத்திருக்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சட்டென்று சொல்லிவிட்டேன்: "பண்ணித் தரேன். முதல்ல எனக்கு."

இந்தத் தடவை சாயம் கிடையாது, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீர்தான். அலுமினியமும் கிடையாது. செம்புக் குழாயைச் சுருட்டி, ரேடியேட்டருக்குப் பதில் கீழே, அப்பா கால் விட்டு உட்கார்ந்து நெய்யும் தறிக்குழிக்குள் இறக்கப்போகிறேன். அப்பாவின் இரண்டாவது தறியில் அடுத்த பாவு நூல் ஏற்ற இன்னும் நாள் இருக்கிறது, அதுவரை குழி காலி. உச்சி வெயிலில் அந்தக் குழியில் கால் வைத்தால் ஈரமண் ஜில்லென்று இருக்கும். அந்தக் குளிர் அவன் அறையில் எந்த மெஷினிலும் வராது, கரண்ட் போனாலும் போகாது. அப்பாவிடம் சொன்னேன்.

"பாவு ஏத்தின பிறகும் அது அங்கியே கெடக்குமா? என் காலுக்கு சுடாதா?"

"சுடாதுப்பா. வெதுவெதுன்னு இருக்கும்."

"மார்கழிக்குன்னா சரி" என்றார்.

மாடியிலிருந்து குழிக்கு லெவல் டியூப் எவ்வளவு வேண்டும் என்று கயிறு விட்டுப் பார்த்துவிட்டேன். அவ்வளவு உயரம் தண்ணீரைத் திருப்பி ஏற்ற இந்தக் கூலர் மோட்டாரால் ஆகாது. கம்ப்யூட்டரைக் கீழே இறக்கி, தறிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மேஜையை இறக்குகிறேன்.