இது யாரு வண்டி?

போன வியாழக்கிழமை காலை. கிண்டி மெட்ரோ ஸ்டேஷன். நானும் என் மதினியும் பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் நின்றுகொண்டிருந்தோம். ரயில் வந்தது. கதவு திறந்தது. ஏசி காற்று ஜில்லென்று முகத்தில் பட்டது. கதவு மூடியது. ரயில் போய்விட்டது.

நாங்கள் ஏறவில்லை.

அடுத்த ரயில் வந்தது. அதிலும் ஏறவில்லை. அதற்கடுத்ததிலும்...

“இதுவும் இல்ல தம்பி” என்று மதினி உதட்டைப் பிதுக்கினார். எனக்கோ இன்னும் காபி இறங்கியிருக்கவில்லை. காபி குடிக்காத நான் எப்படிப்பட்ட ஆள் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்.

வருகிற ரயிலையெல்லாம் வழியனுப்பி வைப்பதற்கா கொடைக்கானல் மலையிலிருந்து சென்னைக்கு வந்தோம்? சொல்கிறேன்.

மதினி என் அண்ணன் மனைவி. பெயர் பாக்கியம். பண்ணைக்காட்டில் காபித் தோட்டம், மிளகு, இரண்டு கறவை மாடு என்று இருப்பவர். நான் மேலே, கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில். அண்ணன் மகள் ஜெயந்தி திண்டுக்கல்லில் டிப்ளமோ படித்து, பரீட்சை எழுதி, பயிற்சி முடித்து, சில மாதங்களாகச் சென்னையில் மெட்ரோ ரயில் ஓட்டுகிறாள். எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் ஓட்டப்பட்ட பெரிய வாகனம் ஒரு ஜீப். அது ரிவர்ஸில் போய் வாழைத் தோட்டத்துக்குள் இறங்கியது. ஓட்டியது யார் என்பது இங்கே தேவையில்லை.

மகளைப் பார்க்க மதினி கிளம்பினார். மாட்டைப் பார்த்துக்கொள்ள அண்ணன் ஊரில் தங்கிவிட, துணைக்கு நான்.

இங்கே எங்கள் மலைப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் பஸ்ஸுக்கு நம்பர் உண்டு. யாருக்கும் தெரியாது. நேரம் உண்டு. யாரும் நம்புவதில்லை. பஸ் என்றால் அதற்கு டிரைவர் பெயர்தான். “சேகர் வண்டி போயிருச்சா?” “இல்ல, இப்ப வர்றது பாண்டி வண்டி.” அதே பஸ்ஸை நாளைக்கு வேறு ஆள் ஓட்டினால் நாளைக்கு அது வேறு வண்டி. சேகர் வளைவுகளில் பூப்போல ஒடிப்பார். மாசமாக இருக்கும் பெண்கள், வயசாளிகள், என் மதினி போல வத்தலக்குண்டு இறங்குவதற்குள் குடலே வெளியே வந்துவிடும் ரகத்தார் எல்லாம் சேகர் வண்டிக்குக் காத்திருப்பார்கள். பாண்டி வண்டி வெரசாகப் போகும். வயிறு கெட்டியானவர்கள் அதில் போகலாம். இறங்கும்போது டிரைவர் பக்கம் திரும்பி “வர்றேன் தம்பி” என்று ஒரு வார்த்தை. அவர் தலையை ஆட்டுவார். அதைச் சொல்லாமல் இறங்கினால் வீட்டில் ஏதோ சண்டை என்று அர்த்தம்.

இந்தப் பழக்கத்தோடுதான் மதினி சென்னை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். கையில் மஞ்சள் பை. பைக்குள் எலுமிச்சம்பழம் — வாந்திக்கு முன்னேற்பாடு.

டவுன் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடம் கேட்டார்: “இது யாரு வண்டிங்க?”

“கவர்மெண்ட் வண்டிமா. டிக்கெட் வாங்குங்க.”

மதினிக்குத் திருப்தியில்லை. இறங்கும்போது முன்பக்கம் எட்டிப் பார்த்து, “வர்றேன் தம்பி” என்றார். டிரைவர் திடுக்கிட்டுத் திரும்பினார். எதையாவது மறந்துவிட்டு இறங்குகிறார் போல என்று நினைத்திருப்பார்.

அடுத்து ஷேர் ஆட்டோ. “இது யாரு வண்டி தம்பி?”

“ஃபைனான்ஸ்காரன் வண்டிமா” என்றார் அவர், பெருமூச்சோடு.

மின்சார ரயிலில் பக்கத்திலிருந்த காலேஜ் பெண்ணிடம் அதே கேள்வி. அந்தப் பெண் காதிலிருந்து இயர்போனைக் கழற்றி, மிகுந்த பொறுப்போடு, “பீச் போற வண்டி ஆன்ட்டி” என்றது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஜெயந்தியைப் பார்த்தோம். மூவரும் ஹோட்டலில் சாப்பிட்டோம். மதினி வைத்த கண் வாங்காமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கல் ஆறியது. பிறகு கேட்டார், “நாளைக்கு உன் வண்டி எத்தனை மணிக்கு வரும்?”

“அப்படிச் சொல்ல முடியாதும்மா. மாத்தி மாத்திக் குடுப்பாங்க. காலைல ட்யூட்டி, ஏர்போர்ட் லைன். அவ்வளவுதான் தெரியும். வண்டிக்குள்ள போன் எடுக்கக் கூடாது. நீங்க ஏதோ ஒரு வண்டியில ஏறிக்கங்க. எல்லாம் ஒரே மாதிரிதாம்மா ஓடும்.”

லாட்ஜுக்குத் திரும்பும் வழியில் மதினி ஆரம்பித்தார்.

“நாளைக்குச் சாயங்காலம் பஸ்ஸு. எம் புள்ளை ஓட்டுற வண்டியில ஏறாம ஊருக்குப் போயி யாரு மூஞ்சில முழிக்கிறது தம்பி?”

“போட்டோதான் இருக்கே மதினி.”

“போட்டோ கெடக்கு... இவ்வளவு சனம் ஏறி எறங்குது. ஒருத்தருக்காச்சும் அவ பேரு தெரியுமா? ஒரு ஆளாவது எறங்கும்போது வர்றேம்மான்னு சொல்லுமா? சேகர் வீட்டுல ஒரு விசேசம்னா ஊரே போயி நிக்கிது. எம் புள்ளை அந்தக் கண்ணாடிக்குள்ள ஒத்தையில உக்காந்து, தன் பேரு தெரியாத சனத்துக்கு வண்டி ஓட்டுதே தம்பி...”

நான் எதையும் கேலி செய்கிறவன்தான். அன்றைக்கு, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று மட்டும் கேட்டேன்.

ஆகவே வியாழன் வெள்ளனே எழுந்து, கிண்டியில், ஏர்போர்ட் போகிற பக்கம், ரயிலின் முன்தலை வந்து நிற்கும் கோடியில் நின்றோம். ரயில் உள்ளே வரும்போது கண்ணாடிக்குள் டிரைவர் முகம் ஒரு நொடி தெரியும். மதினி கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். “ஆம்பளை.” அடுத்தது. “பொம்பளைப் புள்ளைதான்... ஆனா கண்ணாடி போட்டுருக்கு. நம்ம புள்ளை இல்ல.”

செக்யூரிட்டி அம்மா ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விசிலும் கையுமாக வந்தார்.

“இன்னாம்மா, ரொம்ப நேரமா நின்னுக்கினு இருக்கீங்க? வண்டி வருது, ஏற மாட்டேன்றீங்க.”

“எங்க புள்ளை வண்டி இன்னும் வரலைங்க” என்றார் மதினி.

“இது என்னா ஷேர் ஆட்டோவா? எல்லாம் ஒரே வண்டிதான். மஞ்சக் கோட்டுக்கு இந்தாண்ட வாங்க.”

நான் நடுவில் புகுந்து விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா வாய்க்குக் கொண்டுபோன விசிலை இறக்கினார்.

“உங்க பொண்ணு ட்ரெயின் ஓட்டுதா?”

“ஆமாங்க. ஜெயந்தி.”

“ஜெயந்தி” என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “நானும் தெனம் இங்கதான் நிக்கிறேன். ஓட்டுறவங்க பேரு ஒண்ணுகூட தெரியாது. சரி, இப்படி ஓரமா நில்லும்மா. வந்தா பாத்துக்கலாம்.”

மதினி பைக்குள் கைவிட்டு ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

ரயில்கள் வந்தன. போயின. கூட்டம் கூடியது. எனக்குப் பசி, கால்வலி, எரிச்சல். கடைசியில் நான் அந்தப் பாவத்தைச் செய்தேன். “மதினி, சாயங்காலம் பஸ்ஸுக்கும் போகணும். ஏதோ ஒண்ணுல ஏறுவோம். அவளே சொன்னா இல்ல, எல்லாம் ஒண்ணுதான்னு.”

மதினி என்னைப் பார்த்தார். பிறகு கீழே வைத்திருந்த பையைப் பார்த்தார். “சரி தம்பி. உங்களுக்கும் எவ்வளவு சோலி இருக்கும். ஏறுவோம்.”

அவர் குனிந்து பையை எடுத்த நேரம் ரயில் உள்ளே வந்தது. யாருடைய முகத்தையும் அவர் பார்க்கவில்லை. நானும் கதவு எங்கே நிற்கும் என்றுதான் பார்த்தேன். திடீரென்று விசில் — காதைப் பிளக்கிற மாதிரி.

“யம்மா, இதான்மா! அந்தப் பொண்ணு உன்னியேதான் பாக்குது!”

நிமிர்ந்தோம். கண்ணாடிக்குள் நீலச் சட்டையில் ஜெயந்தி. கை வேலையில் இருந்தது. முகம் மட்டும் எங்கள் பக்கம், வாயெல்லாம் பல். ஒரு நொடிதான். உடனே உம்மென்று ஆகி, பிளாட்பாரத்தைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த உம்மென்ற முகம் அச்சு அசல் என் அண்ணன்.

எப்படி ஏறினோம் என்று தெரியவில்லை. முதல் பெட்டி. ஒரு பையன் எழுந்து மதினிக்கு இடம் கொடுத்தான். ரயில் கிளம்பியது. மதினி பெட்டி முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கேட்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

“இது யாரு வண்டி தெரியுமாங்க?”

சென்னைக்காரர்கள் போனிலிருந்து தலையைத் தூக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றைக்குப் பார்த்தேன்.

“ஏர்போர்ட் போறது” என்றார் ஒருவர்.

“அதில்லைங்க. இது எங்க ஜெயந்தி வண்டி. எம் மக. முன்னாடி உக்காந்து ஓட்டிட்டுருக்கா.”

அவ்வளவுதான். ஒரு பெரியவர் ஊர் விசாரித்தார். சூட்கேஸ் வைத்திருந்த அம்மாள், “என் ஃப்ளைட்டைப் பிடிச்சுக் குடுப்பாளா உங்க பொண்ணு?” என்று கேட்டார். “வெரசா போவா, ஆனா பதனமா போவா” என்று மதினி உத்தரவாதம் கொடுத்தார். ஆலந்தூரில் ஏறியவர்களுக்கு ஏற்கெனவே இருந்தவர்கள் செய்தி சொன்னார்கள். மீனம்பாக்கம் வருவதற்குள் பெட்டி பூராவும் ஒரு கல்யாண வேன் போல ஆகிவிட்டது.

ஏர்போர்ட். கடைசி ஸ்டேஷன். ஜெயந்தி தன் அறையிலிருந்து பையோடு இறங்கினாள். மறு கோடிக்கு நடந்துபோய் அங்கிருந்து ஓட்ட வேண்டும். ட்யூட்டியில் இருக்கிறாள், பேசக் கூடாது என்று மதினி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். ஆனால் பெட்டியில் இருந்தவர்களுக்கு அந்த விவரமெல்லாம் தெரியுமா?

“வர்றேன் ஜெயந்தி” என்றார் சூட்கேஸ் அம்மாள். பெரியவர் கையைத் தூக்கி, “வர்றேம்மா” என்றார். இடம் கொடுத்த பையன், “தேங்க்ஸ் ஜெயந்தி மேடம்” என்றான். ஜெயந்தி திருதிருவென்று விழித்தாள். இவர்கள் யார்? தன் பெயர் எப்படித் தெரியும்? பிறகு, கூட்டத்துக்குப் பின்னால் மஞ்சள் பையோடு நிற்கும் அம்மாவைப் பார்த்தாள்.

மதினி மற்ற பயணிகளைப் போலவே, ஒரு வார்த்தை கூடக் குறைய இல்லாமல் சொன்னார்: “வர்றேம்மா.”

ஜெயந்தி தலையை ஆட்டினாள். சேகர் ஆட்டுவது போலவேதான். கண் மட்டும் நிறைந்திருந்தது. விறுவிறுவென்று மறு கோடிக்கு நடந்துவிட்டாள். நான் ஏதோ தூசி விழுந்த மாதிரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். தூசியெல்லாம் இல்லை. அழுதேன், சந்தோஷத்தில்.

அதன் பிறகுதான் காபி கிடைத்தது. மதினி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார், “பாத்தீங்களா தம்பி, எம் புள்ளை வண்டியில எனக்கு ஒமட்டவே இல்ல.” மெட்ரோவில் கொண்டை ஊசி வளைவு ஏது என்று கேட்க நாக்கு துடித்தது. காபியை விழுங்கினேன்.

நேற்று ஜெயந்தி போன் செய்தாள். “சித்தப்பா, கிண்டியில அந்த செக்யூரிட்டி அக்கா என்ன பண்றாங்க தெரியுமா? நான் உள்ள வந்தாலே, ‘ஜெயந்தி வண்டி வந்துட்ச்சு, ஏறுங்க ஏறுங்க’ங்கிறாங்க. ரெண்டு பேரு இன்னைக்கு எறங்கும்போது கை காட்டிட்டுப் போனாங்க.”

சென்னைக்காரர்களே, நாளைக் காலை நீங்கள் ஏறப்போவது... யாரு வண்டி?