கோடில்லாத சிறகு

எந்தப் படத்திலும் நான் முதலில் நடுவைப் பார்ப்பதில்லை. பத்திரிகையில் செய்தி மேசையில் இருந்தபோது வந்த பழக்கம். சங்கதி ஓரத்தில்தான் இருக்கும். குளத்தூரில் என் பக்கத்து வீட்டு டீச்சர், ஓய்வுபெற்றவர், காட்டிய படத்தில் வாய்க்கால் கரையும் ஒரு பழுப்பு வண்ணத்துப்பூச்சியும் இருந்தன. முன்சிறகில் இரண்டு கோடுகள். ஓரத்தில் ஒரு கயிற்று முடிச்சு.

யூப்ளோயியா என்ற பேரினத்தில் இங்கே பறப்பவை எல்லாம் ஏறக்குறைய ஒரே பழுப்பு. ஆணின் முன்சிறகில் எத்தனை மணக்கோடு, அதாவது மணம் பரப்பும் கோடு, என்று எண்ணித்தான் வார்டில் உயிரினக் கணக்கெடுக்கும் நாங்கள் இனம் பிரிக்கிறோம். சாதாரண இனத்துக்கு ஒன்று. இரண்டு உள்ளது எங்கள் வார்டுப் பட்டியலிலேயே இல்லை. அப்படி ஒன்று கரையில் வாழ்ந்தால் அங்கே புதர்க்காடு வெட்ட வேண்டாம் என்று வார்டு மெம்பர் டீச்சருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

"முடிச்சு எதுக்கு டீச்சரே?"

"தேள்கொடுக்குச் செடியக் காயவச்சு கயித்துல கெட்டித் தூக்கினேன். அந்த மணத்துக்கு ஆண்பூச்சி வரும். நான் எங்கயோ பிடிச்சுக் கொண்டுவந்து வச்சேன்னு சம்சயப்படுதியளா?"

சந்தேகப்பட்டேன். தவிர, காய்ந்த செடிக்கு அடுத்த ஊர்ப் பூச்சியும் வரும். இங்கேயே வாழ்கிறது என்றால் முட்டையோ புழுவோ வேண்டும். இருவரும் அந்தப் புழுக்கள் தின்னும் பால்வள்ளிக் கொடியைப் புரட்டினோம். இலைக்கடியில் வெள்ளி பூசியதுபோல் ஒரு கூட்டுப்புழு தொங்கியது. எந்த இனம் என்று அதைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பூச்சி வெளிவரும்வரை பொறுக்கும்படி மெம்பரைக் கேட்டோம்.

"ஒரு பூச்சிக்காக காடு வெட்ட வாற நூறுநாள் வேலை தொழிலுறப்புப் பெண்ணுகள நிறுத்தணுமா சாரே? ஒரு வாரமாக்கும். அதுக்கு மேல கேக்கப்பிடாது."

கொடி இருந்தது கரையை ஒட்டிய டீச்சர் வீட்டு மதிலோரம். பூச்சி வந்தால் முதலில் பார்ப்பவர் அவர்தான். அது என்னை உறுத்தியது. தினமும் காலையில் போய், அதே கூடுதானா என்று முந்தின நாள் படத்தோடு ஒப்பிட்டேன்.

ஏழாம் நாள் நான் செருப்பு மாட்டுவதற்குள் கைபேசியில் படம் வந்தது. விரித்த சிறகு. ஒரு கோடுகூட இல்லை. கீழே எழுதியிருந்தார்: "பெண்ணாக்கும். தோத்தோம்." பெண்ணுக்கு அந்தக் கோடு கிடையாது. இரண்டு கோடு இருந்தது, பறந்துவிட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம். மறுக்க என்னிடம் எதுவும் இருந்திருக்காது.

படத்தை மெம்பரிடம் காட்டி, இனம் உறுதியில்லை என்றேன்.

"பெண்ணா? அப்ப முட்டை போடுமே," என்றார் அவர். "காடு கெடக்கட்டு சாரே. மழை கழிஞ்சு நோக்கலாம்."

பதிவேட்டில் 'இனம் உறுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் கரையில் காய்ந்த தேள்கொடுக்கோடு புதுக் கயிறு ஒன்று தொங்கியது. முடிச்சைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.