ராசு என்னைத் திட்ட வேண்டும் என்று கேட்டேன்

அன்பான சகோதர சகோதரிகளே, போன வருடம் இதே பனிக்காலத்தில் என் நண்பன் ராசு சாகக் கிடந்தான். அவனை அந்த நிலைக்குக் கொண்டுபோன கை இதுதான். இந்தக் கையைத் தூக்கித்தான் இப்போது ஸ்தோத்திரம் சொல்கிறேன். இந்த ஸ்டீபன் சாட்சி சொல்ல எழுந்து நின்றாலே சிரிக்க ஏதாவது கிடைக்கும் என்று உட்கார்ந்திருப்பீர்கள். கிடைக்கும். ஆனால் அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ராசுவைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் மலையில், பேத்துப்பாறையில் வண்டி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அவன் அப்பா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். என் காய்கறி ஜீப்புக்கு வைத்தியம் பார்க்கிறவன் அவன்தான். மூன்றாவது ஆள் பழனிச்சாமி. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறான். மூன்று பேருக்கும் தலை நரைத்துவிட்டது, புத்தி வரவில்லை. ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஸ்பிரிண்ட் ஓட்டக் கிளம்பிவிட்டோம்.

ஸ்பிரிண்ட் என்றால் வண்டிகள் முட்டி மோதிக்கொண்டு ஓடுவது இல்லை. ஒவ்வொரு வண்டியாகப் புறப்பட்டு, கொஞ்ச தூரத்தை யார் சீக்கிரம் கடக்கிறார்கள் என்று கடிகாரத்தில் பார்ப்பது. கவுஞ்சிக்கு மேலே ஒரு தனியார் தோட்டத்துத் தார்ரோட்டை அனுமதி கேட்டு வாங்கியிருந்தோம். வளைவுகளில் முட்டைக்கோஸ் இலையைச் சாக்கில் திணித்து அடுக்கி வைத்திருந்தோம். அதுதான் எங்கள் பாதுகாப்பு ஏற்பாடு. எங்களுக்குள் ஒரு சட்டமும் உண்டு: வண்டியைக் கழற்றி மாட்டியவன் ஓட்டுகிறவன் பக்கத்தில் உட்கார வேண்டும். அவன் வேலைக்கு அவன் உயிர்தான் ஜாமீன். சிரித்துக்கொண்டே போட்ட சட்டம்.

அன்றைக்கு ராசு பெல்ட்டை மாட்டும்போதே சொன்னான்.

"ஏலே ஸ்டீபா, முடிவுக் கோட்டைத் தாண்டுனதும் எறக்கம். கியர்லயே வெரசா நிப்பாட்டு. ஒன் ஜீப் புத்திய இங்க காட்டாத."

"சரிங்க முதலாளி."

"முதலாளியாம். பிரேக்கு சூடேறி இருக்கும்டா, வெளையாடாத."

என் ஜீப் புத்தி என்னவென்று மலைக்காரர்களுக்குத் தெரியும். கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு உருட்டுவோம். செய்யக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் செய்வோம். இறக்கத்தைக் கண்டால் என் கை என்னைக் கேட்காமலே கியரை எடுத்துவிடும்.

அன்றைக்கு நன்றாகத்தான் ஓட்டினேன். கோட்டைத் தாண்டினேன். பழனிச்சாமி மேலே நின்று விசில் அடித்தது காதில் விழுந்தது. இறக்கம் வந்தது. கை போய்விட்டது. நியூட்ரல்.

பிரேக்கை மிதித்தேன். சூடான பிரேக், கால் பஞ்சில் இறங்குவதுபோல இறங்கியது. கியரைத் திரும்பப் போடப் பார்த்தேன், கர்ரென்று கத்தியது. ராசு ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். வீராதிவீரனாகிய நான் என்ன செய்தேன் தெரியுமா? வைப்பரைப் போட்டேன். கண்ணாடி பளிச்சென்று சுத்தமானது. போய் விழப்போகிற பள்ளம் தெளிவாகத் தெரிந்தது.

அடுக்கடுக்கான பூண்டு வயலில் ஒரு படி விழுந்து, அடுத்த படியில் வண்டி சாய்ந்து நின்றது. ராசு இருந்த பக்கம் அடியில். நான் பெல்ட்டில் தொங்கினேன். அவனைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஜெபிக்க வேண்டும் என்று தோன்றியது. சங்கீதம் ஒன்றும் வரவில்லை. கர்த்தருடைய ஜெபம்கூட வரவில்லை. வந்தது சாப்பாட்டுக்கு முன்னால் சொல்கிற ஜெபம். "ஆண்டவரே, எங்கள் முன்னால் இருக்கும் இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும்." முன்னால் இருந்தது பூண்டுச் செடி. அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன்.

வயலில் வேலை செய்த பெண்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கிப் பிடித்தார்கள். ராசுவைப் பலகையில் கிடத்திப் பழனிச்சாமியின் பிக்கப்பில் ஏற்றினோம். சனிக்கிழமை. கொடைக்கானல் ரோடு முழுக்கச் சுற்றுலா வண்டிகள். நான் இறங்கி முன்னால் ஓடினேன், கையைக் காலை ஆட்டிக் கத்தினேன், வழி விட்டார்கள். ஏன் இவ்வளவு சீக்கிரம் விட்டார்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. நர்ஸம்மா கேட்டார்: "ஐயா, அந்த ஹெல்மெட்டக் கழட்டலாமே?" மலை இறங்கி மதுரை வரைக்கும் அதைத் தலையில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

ராசுவின் மனைவி ஜெயா வந்தது. என்னை மேலிருந்து கீழே பார்த்தது.

"ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையாண்ணே?"

"ஒண்ணும் இல்லம்மா."

"நல்லதுண்ணே. ஒருத்தராவது முழுசா வந்தீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நியூட்ரல்ல போட்டது நான்தாம்மா" என்றேன். அது தலையாட்டியது. "அவரு தெனமும் சொல்லிப் பொலம்புவாரு. அந்த மனுசன் என்னைக்காச்சும் உருட்டிக் கெடுப்பாருன்னு." சொல்லிவிட்டு டாக்டரைத் தேடிப் போய்விட்டது.

தலையில் அடி, மூளையில் வீக்கம், இடுப்பெலும்பு நொறுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். "எந்திரிப்பாருன்னும் சொல்ல முடியாது, மாட்டாருன்னும் சொல்ல முடியாது" என்றார். நாட்கள் போயின. பார்வையாளர் நேரத்தில் உள்ளே போய், அவன் காதில் பழைய ஜோக்கெல்லாம் சொல்வேன். நன்றாக இருக்கும்போதே அதற்குச் சிரிக்காதவன் அவன். மிஷின்தான் பீப் பீப் என்று பதில் சொல்லும். வெளியே பழனிச்சாமி கண்ணை மூடி முருகனிடம் கேட்டுக்கொண்டிருப்பான். நான் என் ஆண்டவரிடம் கேட்பேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். பார்த்தால் நம்பிக்கை இல்லை என்பது தெரிந்துவிடும்.

நீங்களெல்லாம் உபவாசம் இருந்து ஜெபித்தீர்கள். போன் செய்து "விசுவாசமா இருங்க பிரதர்" என்றீர்கள். "ஆமா பிரதர்" என்றேன். பொய். எனக்குள் விசுவாசம் இல்லை. பயம்தான் இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. ஜீப் சாவியைத் தொடவே இல்லை.

அப்புறம் ராசுவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஒரு காலையில் டாக்டர் ஜெயாவிடம் மெதுவாகச் சொன்னார்: "வர வேண்டிய சொந்தக்காரங்க இருந்தா வரச் சொல்லிருங்கம்மா." ஜெயா அழவில்லை. போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பின்பக்கம் பைக் நிறுத்துகிற இடத்துக்குப் போய், ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவனை எழுப்பும் என்று கேட்க வாய் வரவில்லை. அவ்வளவு பெரியதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? "ஆண்டவரே, அவன் என்னை ஒரு தடவை திட்டட்டும். அது போதும். அவன் திட்டாமல் போனால் நான் எப்படி இருப்பேன்?" என்று கேட்டேன். சொல்லிவிட்டு நாலு எட்டு நடந்ததும் நின்றுவிட்டேன். ஒரு தடவை என்று கேட்டுவிட்டேனே! ஒரு தடவை திட்டிவிட்டுச் செத்துப்போனால்? ஓடிப்போய் அதே தூணைப் பிடித்துக்கொண்டேன். "ஆண்டவரே, தப்பாகச் சொல்லிவிட்டேன். நிறைய தடவை. ஆயுசுக்கும் திட்டட்டும்." பைக் எடுக்க வந்தவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

வானம் திறக்கவில்லை. சமாதானமும் வரவில்லை. அன்று முழுக்க அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. மறுநாளும் கொதித்தது. சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, அடக்கம் எங்கே என்று தாழ்வாரத்தில் மெல்லப் பேசினார்கள். நானும் காதில் வாங்கிக்கொண்டு நின்றேன். அதற்கடுத்த நாள் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. டாக்டர் "பாக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையை வாயில் போட்டு நாள் முழுக்கச் சப்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு கண் திறந்தான். தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்தார்கள். குரல் வரவில்லை. என்னைப் பார்த்தான். உதடு அசைந்தது. ஜெயா குனிந்து காதை வைத்துக் கேட்டது. நிமிர்ந்தபோது வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. அழுகிறதா, சிரிக்கிறதா என்று தெரியவில்லை.

"என்னம்மா சொல்றான்?"

"ஒங்களத்தாண்ணே. சபைல சொல்ல முடியாத வார்த்தைண்ணே."

அந்த வார்டின் தரையில் நான் முழங்கால் போட்டேன். நர்ஸம்மா அதட்டினார். எழுந்திருக்க மனம் வரவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி முடித்தால் சாட்சி அழகாக இருக்கும். ஆகவில்லை. ராசுவின் வலது கால் முன்போல இல்லை. வண்டிக்கு அடியில் அவனால் படுக்க முடியாது. அவன் தொழிலே அதுதான். அதற்காகவும் ஜெபிக்கிறேன், இன்னும் பதில் இல்லை. காரை விற்றுவிட்டோம். காலையில் வெள்ளனே லோடு இறக்கிவிட்டு வந்து, மத்தியானத்துக்கு மேல் அவன் ஒர்க்‌ஷாப்பில் நான்தான் வண்டிக்கு அடியில் படுக்கிறேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அது நட்டு இல்லடா, எருமை, அதுக்குப் பக்கத்துல" என்பான். முகத்தில் ஆயில் சொட்டும். கண்ணீரும் ஆயிலும் கலந்தால் எரியும், தெரிந்துகொள்ளுங்கள். ஜீப் இப்போது வத்தலக்குண்டு வரைக்கும் கியரிலேயே இறங்குகிறது.

உங்களில் யாராவது இன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கலாம். விசுவாசம் இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கலாம், நான் வைத்திருந்ததுபோல. முகத்தை விடுங்கள். பயம் இருந்தால் இருக்கட்டும். ஜெபம் தப்பாக வந்தால் திரும்பப் போய்த் திருத்திக் கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் நம்பிக் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்டேன். பயந்தவனுக்கும் அவர் காது கொடுத்தார். அவருக்கே மகிமை.