பாக்கெட் கோணலான மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்தவருடைய முகம், அவர் வந்து போன அரை மணி நேரத்துக்குள் எனக்கு மறந்துபோயிற்று. மறந்துபோயிற்று என்று சொல்வதுகூடத் தப்பு. நான் அதைப் பார்க்கவே இல்லை. அவருடைய சட்டையை மட்டும் நன்றாகப் பார்த்திருந்தேன்.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தேன். எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். அப்பாவுக்கு இங்கே ஒரு பிரிண்டிங் பட்டறையில் வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு வந்து ராயபுரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். எந்தத் தெருவில் திரும்பினாலும் கம்பெனி வாசலில் ‘ஆட்கள் தேவை’ என்று போர்டு தொங்கிக்கொண்டிருக்கும்.

செக்கிங் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. தைத்து வரும் பனியனை மேஜைமேல் விரித்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைக்க வேண்டும். சேர்ந்த புதிதில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. எங்கள் பிரிவைப் பார்த்துக்கொண்ட அக்கா உள்ளூர்க்காரர். ஒரு பனியனை என்னிடம் நீட்டி, “இதுல ஓட்டை இருக்குது, எங்கன்னு சொல்லு கண்ணு” என்றார். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, “இல்லியேக்கா” என்றேன். அக்கா பனியனுக்குள் கையை விட்டு விரித்தார். அவருடைய சுண்டுவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

சில மாதங்களில் நிலைமை தலைகீழாகிவிட்டது. ஓட்டையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாமல் போயிற்று. பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவர் ஆணா பெண்ணா என்று கேட்டால் யோசிக்க வேண்டும். காலர் எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பி வரும்போது அம்மா, “இன்னைக்கு ஐயர் என்ன பிரசங்கம் பண்ணாவ, சொல்லு பாப்போம்” என்றாள். பாதிரியாரின் அங்கியில் இடது கைப்பக்கம் தையல் பிரிந்து ஒரு நூல் தொங்கியது என்று சொன்னேன். அம்மா வேகமாக எட்டு வைத்து எனக்கு முன்னால் போய்விட்டாள்.

கண் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது. எதை உள்ளே விடுவது, எதை வாசலோடு திருப்பி அனுப்புவது என்று தீர்மானிக்க உள்ளே ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். என்னுடைய வாட்ச்மேன் கம்பெனியில் பழகியவர். ஷிப்ட் முடிந்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

இந்த நிலைமையில்தான் பெண் பார்க்க வந்தார்கள். பையன் எங்கள் ஊர்ப் பக்கம்தான். இங்கே ஒரு நிட்டிங் கம்பெனியில், நூலைத் துணியாக்குகிற மெஷினில் ஆபரேட்டர். போட்டோ கொண்டுவருகிறோம் என்று சொன்னவர்கள் மறந்து வந்துவிட்டார்கள். நேரிலேயே பார்த்துக்கொள்ளட்டுமே என்றார்கள். நான் காபித் தட்டோடு போய் நின்றேன். தலையை நிமிர்த்த வெட்கமாக இருந்தது. இதற்கும் அம்மா முன்னாலேயே ஒரு வழி சொல்லியிருந்தாள். “கடைசில ஜெபம் பண்ணும்போது எல்லாரும் கண்ண மூடிக்கிடுவாவ. அப்ப நீ நல்லா பாத்துக்கோ.”

ஜெபம் தொடங்கியது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் திறந்தேன். கட்டம் போட்ட நீலச் சட்டை. பாக்கெட்டின் கட்டமும் சட்டையின் கட்டமும் பொருந்தவில்லை. அதோடு பாக்கெட்டே இடது பக்கம் லேசாக இறங்கியிருந்தது. எப்படி இதை பாஸ் பண்ணினார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. வெறும் கோணலா, அல்லது கீழ்த் தையலும் விட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆமென் சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் போனதும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “எப்படிட்டி இருக்கான்?”

“கோணலா இருக்கும்மா.”

“எது, வாயா?”

“பாக்கெட்டு.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “எனக்கு வேற கவலை. பையன் ஒவ்வொரு பேச்சையும் சத்தம் போட்டுல்லா பேசுதான். கோவக்காரனா இருப்பானோ?” என்றாள். அவர் சத்தமாகப் பேசினார் என்பதே அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாளே அவர்கள் வீட்டிலிருந்து சம்மதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியாத ஆளுக்கு எப்படிச் சரி சொல்வது? கம்பெனியில் அக்காவிடம் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை, பாக்கெட் எவ்வளவு இறங்கியிருந்தது என்று மட்டும் கேட்டார். பிறகு, “அந்த நிட்டிங் கம்பெனி ரெண்டு வீதி தள்ளித்தான இருக்குது. டீ டைமுல போயி ஒரு எட்டு பாத்துப்போட்டு வந்தர்லாம் வா கண்ணு” என்றார்.

மறுநாள் சாயந்தரம் நிட்டிங் கம்பெனிக்கு எதிரே இருந்த பேக்கரியில் போய் நின்றோம். மணி அடித்ததும் ஆட்கள் வெளியே வந்தார்கள். எல்லாரும் பனியன் போட்டிருந்தார்கள். தலை, புருவம், மீசை எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பஞ்சு. ஒரே ஆளைப் பல பிரதி எடுத்து அனுப்பியது போல இருந்தது.

“எந்தப் பையன் கண்ணு?”

“சட்டை போட்டிருந்தா சொல்லிருவேன்க்கா.”

“செரி, குத்துமதிப்பா சொல்லு.”

உயரத்தை வைத்து ஒருவரை முடிவு செய்து, கொஞ்சமாகச் சிரித்தேன். அவர் திரும்பித் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை என்றதும் அவரும் சிரித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“ஏனுங்க, யாரைப் பாக்கோணும்?”

அந்தப் பேச்சிலேயே இது எங்கள் ஊர் ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டது. “தூத்துக்குடிப் பக்கத்து ஆளு ஒருத்தர் இங்க வேலை பாக்காவளாம்” என்று இழுத்தேன்.

அவ்வளவுதான் சொன்னேன். எங்களைத் தாண்டிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று திரும்பினார். “ராயபுரத்து வீட்ல காப்பி குடுத்தது நீங்கதான?” என்று கேட்டார். அவர் கேட்ட சத்தத்தில் பேக்கரியில் இருந்த எல்லாரும் திரும்பிவிட்டார்கள். அந்த உயரமான ஆள் எதையோ புரிந்துகொண்டு நல்ல மனிதராக நகர்ந்துபோனார்.

“என் முன்னாடி தாண்டிப் போனீங்க. தெரியலியா?” என்று கேட்டேன்.

அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு, முகத்திலிருந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டார். “முகத்தப் பாக்கல” என்றார், கொஞ்சம் குரலைக் குறைத்து. “பாக்கணும்னுதான் வந்தேன். உங்க வீட்டு ஃபேன்ல பேரிங் போயிருக்கு. ஒரு சுத்துக்கு ஒரு கிர்ருன்னு சத்தம். மனசு அங்கயே போயிட்டு.”

அவருடைய வேலை அப்படியாம். மெஷின் ஓடும்போது ஊசி ஒன்று உடைந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் சத்தத்தில் தெரிந்துவிடும். அதனால் எங்கே போனாலும் காது முதலில் போய் உட்கார்ந்துகொள்ளும், அவர் பிறகுதான் வந்து சேருவார்.

“அப்ப எத வச்சு சம்மதம்னு சொன்னீங்க?”

“நீங்க உள்ள நின்னு, ‘எனக்குச் சிரிப்பா வருதும்மா, நான் போகல’ன்னு சொன்னீங்கல்லா. அது கேட்டுச்சு. அத வச்சுத்தான்.”

நான் அதை அம்மாவின் காதோடு சொல்லியிருந்தேன். மறைக்க வேண்டாம் என்று தோன்றியது. அவர் முகத்தை நானும் பார்க்கவில்லை என்றும், சட்டைப் பாக்கெட்டுதான் எனக்குத் தெரியும் என்றும், அது கோணல் என்றும் சொன்னேன். அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். அங்கே பனியன்தான் இருந்தது.

“அது எங்க அண்ணன் சட்டைல்லா” என்றார்.

அக்கா அதுவரை பன்னை மென்றுகொண்டு சும்மா இருந்தவர், “சாமி, ரெண்டு பேரும் இப்பவாச்சும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்குங்க. டீ டைம் முடியப் போகுது” என்றார்.

பார்த்தோம். பழக்க தோஷம், கழுத்தில் தொடங்கி ஒழுங்காக மேலே போனேன். காதுக்குக் கீழே ஒரு மச்சம். ஒரு புருவம் இன்னொன்றைவிடக் கொஞ்சம் நீளம். முன்பல்லில் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. கையில் ஸ்டிக்கர் இருந்திருந்தால் மூன்று இடத்தில் ஒட்டியிருப்பேன். ஆனால் ஒதுக்கி வைக்கத் தோன்றவில்லை. கம்பெனி மேஜையில் நான் இவ்வளவு நேரம் எந்தப் பீஸையும் பார்த்ததில்லை என்று பிறகு அக்கா கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டார்.

நிச்சயத்துக்கு முன்னாலேயே அவர் வீட்டுக்கு வந்து ஃபேனைக் கழற்றி பேரிங்கை மாற்றினார். எங்கள் ஃபேன் இத்தனை நாள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்பது அது நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. “என்னமோ வீட்ல ஆள் இல்லாத மாதிரி இருக்குட்டி” என்றாள்.

கல்யாணம் முடிந்து தனி வீடு பார்க்கப் போனோம். இரண்டு பேருக்கும் வேலை விடியக் காலையில் தொடங்கிவிடும் என்பதால் சாயந்தரம் வேலை விட்டுத்தான் போக முடிந்தது. ட்யூப்லைட் போட்டுக் காட்டினார்கள். நான் சுவரில் கறை, தரையில் விரிசல் எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அவர் கதவைத் திறந்து மூடினார், மோட்டாரை ஓடவிட்டுக் கேட்டார், சுவரில் தட்டிப் பார்த்தார், எல்லாம் சுத்தம். இரண்டு பேரும் தலையாட்டி அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தோம்.

பால் காய்ச்சுகிற அன்று அம்மா வந்தாள். அடுப்பைப் பற்ற வைத்ததும் புகையும் சூடும் சுற்றிச் சுற்றி வந்தன. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நான்கு சுவரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, “இந்த வீட்டுக்கு ஜன்னலே இல்லியே. யாரு பாத்தா வீட்ட?” என்றாள்.

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டுக்காரர் நல்ல மனிதர். போய்ச் சொன்னதும், “அன்னைக்கே நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேனுங்க. கேக்கலையா, செரி, இவிகளுக்கு வேண்டாமாட்ட இருக்குதுன்னு உட்டுப்போட்டேன்” என்றார். அடுத்த வாரமே கொத்தனாரை அனுப்பிச் சுவரை உடைத்து ஒரு சின்ன ஜன்னல் வைத்துக் கொடுத்தார்.

சிமெண்ட் காய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அதன் முன்னால் நின்றோம். பின் வீட்டு முற்றம், ஒரு முருங்கை மரம், கொடியில் துணி, அதற்குப் பின்னால் வானம். கொடியில் கிடந்த பனியனில் கை ஓரத்தில் தையல் விட்டிருந்தது. ஒன்றும் சொல்லக் கூடாது என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு மரத்தையே பார்த்தேன். பூ வைத்திருந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

“அந்த வீட்டுத் தையல் மெஷின்ல பெல்ட் தளர்ந்திருக்கு” என்றார்.