நிறுத்தாத ஆட்டம்

அன்று காலை பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு நர்ஸம்மா இருந்தார். வத்தல் வியாபாரி இருந்தார். தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை இருந்தார். லாரி வராததால் லோடு ஏற்றும் நானும் இருந்தேன். எங்களுக்குச் சொல்லித்தர முன்னால் தாய்ச்சி மாஸ்டர் நின்றார்.

ஒல்லியான ஆள், வெறுங்கால். தாய்ச்சி சீனாக்காரர்களின் சண்டைக் கலை, ஆனால் மெதுவாகச் செய்வது. போட்டிகளில் ஆறு நிமிடம் ஆடி மெடல் வாங்கியவர். ஆரம்பித்தால் முடிக்காமல் நிற்கமாட்டார்.

"இம்புட்டு மெதுவா அடிச்சா, அடி வாங்குறவன் காப்பி குடிச்சிட்டு வந்திருவானே மாஸ்டர்" என்றார் வியாபாரி. மாஸ்டர் அந்த ஆறு நிமிட ஆட்டத்தைத் தொடங்கினார்.

ஆட்டத்தின் பாதியில் விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு ஆலை வெடித்தது. புகை எழுந்தது. மாஸ்டரின் தங்கச்சி அங்கேதான் வேலை பார்த்தாள்.

"மாஸ்டர், வாங்க" என்று கத்தினேன். அவர் கை நிற்கவில்லை. நாங்கள் சைக்கிளில் விரைந்தோம்.

தங்கச்சியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "அண்ணன் வந்துட்டாகளா?" என்று என்னிடம் கேட்டாள்.

"வந்துக்கிட்டு இருக்காக தாயி."

வேன் போய்விட்டது. பிறகுதான் அவர் வந்தார். ஆஸ்பத்திரி சேருமுன் அவள் இறந்துபோனாள்.

சில மாதம் கழித்து, அன்று ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

"ஆடி முடிக்கிற வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் ஆகலைல்லா அண்ணாச்சி. நிறுத்தினா தெரிஞ்சுபோகுமே" என்றார். பிறகு, "அவ என்னையக் கேட்டாளா?" என்றார்.

இல்லை என்றேன்.

வேன் கிளம்பியதற்கும் அவர் வந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று கணக்குப்பிள்ளை கடிகாரத்தில் பார்த்திருந்தார். இரண்டு நிமிடம். பாதி ஆட்டம் மூன்று நிமிடம்.