மருந்து முறிக்கிற தூள்

வெளிநாட்டுச் சொந்தங்கள் பொதி பொதியாக அனுப்பும் மருந்துக் குளுசைகளை, திகதி முடிந்ததும் ஊர்காவற்றுறையில் நாங்கள் கக்கூசுக்குள் கொட்டிவிடுவோம். குப்பையில் போட்டால் ஆடு தின்றுவிடுமாம். அவை நிலத்தடி நீரில் கரைந்து, கிணற்று வழியாக எங்கள் தேத்தண்ணிக்கே திரும்பி வரும். கிணற்றில் போட்டால் அந்தக் கழிவைச் சிதைக்கிற ஒரு நானோத் தூளைப் பல்கலைக்கழகத்தில் செய்திருந்தோம். வாசிகசாலையில் ஊரைக் கூட்டி விளக்கினேன். ஊக்கி, நுண்துகள் என்றதெல்லாம் ஒருவருக்கும் ஏறவில்லை. எரிச்சலில், “தண்ணியில கலந்த மருந்தை முறிக்கிற தூள்” என்று சொல்லித் தொலைத்தேன். எங்கள் பக்கம் மருந்து முறிப்பது என்றால் வசியத்தை எடுக்கிற மந்திரவாதியின் வேலை என்பது நினைவிலேயே இல்லை.

அடுத்த நாள் அனலைதீவிலிருந்து படகேறி ஓர் அக்கா வந்து நின்றார்.

“தம்பி, என்ர மகனுக்குப் பெண்சாதிக்காரி மருந்து போட்டிட்டாள். கனடாவுக்குப் போனவன் ஒரு ரெலிபோன் கோலும் எடுக்கிறானில்லை. அந்தத் தூளில கொஞ்சம் தாரும்.”

வசிய மருந்துக்கு இது சரிவராது என்று சொல்ல வாய் வரவில்லை. விஞ்ஞானத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“நல்ல வெயில் பட்டால்தான் வேலை செய்யும், அக்கா. அங்க பனியெல்லோ.”

அக்கா விடவில்லை.

“அப்ப அவன் இஞ்ச வரட்டும். அவனைக் கிணத்துக்க இறக்கிறது நான், தூளைப் போடுறது நீர், தம்பி.”