கீழ்வீட்டு ரிமோட்

ரீவிக்கு டிஸ் அன்ரனா பூட்டுற தொழிலில மழையைச் சமாளிக்கலாம், மின்னலைச் சமாளிக்கலாம், குரங்கைக்கூடச் சமாளிக்கலாம். வாடகைக்கு வீடு குடுத்தவரை மட்டும் சமாளிக்கேலாது. வாடகை வீட்டில இருந்து ரீவி பார்த்த எல்லாருக்கும் இந்த நோக்காடு விளங்கும். நான் கிளிநொச்சியில ஏறாத கூரை இல்லை. ஆனா ஆசுப்பத்திரிக்குக் கிட்ட இருந்த ஒரு மாடிவீட்டில பட்ட பாட்டை நினைச்சால் இண்டைக்கும் சிரிப்பு வரும். சிரிச்சு முடிய அந்த வீட்டுப் பக்கம் ஒருக்காப் போயிட்டு வரவேணும் போல இருக்கும்.

ஓட்டைக்குத் தடை

கீழ்வீட்டில சொந்தக்காரர் இராசரத்தினம் ஐயா, அரிசி ஆலை நடத்தி ஓய்ஞ்ச மனுசன். மேல்வீட்டில வாடகைக்கு முத்தையா அண்ணையும் லெச்சுமி அக்காவும். மலையகத்தில இருந்து வந்து பரந்தன் பக்கம் வயல் செய்து நிமிர்ந்த சனம். அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது. வைத்தியத்துக்குக் கிட்ட எண்டு இஞ்ச வந்தவை. கீழ்வீடு ஒண்டும் கிடைக்கேல்லை. மாடிக்கு ஏத்தின மனுசனைப் பிறகு இறக்கேலாமப் போச்சு.

வருசா வருசம் வற்றாப்பளை அம்மனுக்குக் காவடி எடுத்த ஆள் அவர். போன வைகாசி முழுக்கப் படுக்கை. இந்த வருச வைகாசிக் கோயில் பொங்கலையாவது ரீவியில பார்த்திட வேணும் எண்டு ஒரே பிடி. அக்கா என்னைக் கூப்பிட்டது அதுக்குத்தான்.

ஐயா விட்டால்தானே? முந்தி இருந்த ஆக்கள் டிஸ் பூட்டத் துளைச்ச ஓட்டையால மழைத்தண்ணி இறங்கி, அவரின்ர மனுசின்ர அலுமாரிக்குள்ள இருந்த கலியாணக் கூறைச்சீலை பழுதாப்போச்சாம். அண்டையில இருந்து மாடியில ஆணிகூட ஏறக்கூடாது. "உங்கட டிஸ் குசினிக் கூரையில நிக்குதே ஐயா" எண்டன். மனுசன் சிரிக்கேல்லை.

"தம்பி, ஓட்டை போட ஆசையெண்டால் உன்ர வீட்டில போட்டுப் பழகு."

லெச்சுமி அக்கா நிண்டால் படம்

சரியெண்டு வீட்டுக்குள்ள வைக்கிற சின்ன அன்ரனா ஒண்டு கொண்டுபோனன். அலுமாரிக்கு மேல வைச்சன், யன்னலில வைச்சன், குசினி வாசலில தொங்கவிட்டும் பார்த்தன். ஒரே புள்ளி மழை. ஒருக்கா அக்கா வயரைப் பிடிச்சுக்கொண்டு யன்னலடியில நிண்டா. படம் பளிச்செண்டு வந்திட்டுது. கையை விட்டா, போச்சு.

எனக்கு அந்த நேரம் பழைய ஞாபகம் வந்திட்டுது. கரண்ட் இல்லாத காலம், ட்ராக்டர் பற்றரியில ரீவி ஓடும். ஒருத்தன் வெளியில நிண்டு அன்ரனாக் குழாயைத் திருப்ப, உள்ளுக்க இருந்து பத்துக் குரல் கேக்கும்: "வருது, வருது... ஐயோ போச்சு, திருப்படா!" திருப்புறவனுக்குக் கடைசிவரைக்கும் படம் பார்க்கக் கிடையாது. பிறகு அவனைச் சுத்தி இருந்து எல்லாருமாப் படத்தின்ர கதை சொல்லுவினம். சத்தியமாச் சொல்லுறன், அந்தச் சத்தம் இப்ப இல்லாதது எனக்குக் கவலைதான். நான் இதையெல்லாம் யோசிச்சுக்கொண்டு நிக்க, அக்காக்குக் கை உளைஞ்சு போச்சு.

"நானே அன்ரனாவா நிண்டா, சோறு ஆரு தம்பி ஆக்குறது?"

மாட்டுக்கு ஏது சட்டம்

அடுத்தது என்ர மூளையில உதிச்ச பெரிய யோசனை. பழைய லொறிச் சக்கர றிம் ஒண்டுக்குள்ள குழாயை நட்டு, சீமெந்து ஊத்தி, அதில டிஸ்ஸைப் பூட்டி வீட்டு வளவுக்குள்ள வைச்சன். சுவரிலயும் முட்டேல்லை, கூரையிலயும் முட்டேல்லை. ஐயா சுத்திச் சுத்திப் பார்த்திட்டு உள்ளுக்குப் போயிட்டார். மேல படம் கண்ணாடி மாதிரி. முத்தையா அண்ணை நல்ல கையால என்ர கையைப் பிடிச்சு விடவே இல்லை.

ரெண்டு நாள் கழிய, படம் இல்லை எண்டு அக்கா கோல் எடுத்தா. ஓடிப்போய்ப் பார்த்தால், ஐயாவின்ர பசுமாடு டிஸ்ஸில கழுத்தைத் தேச்சுக்கொண்டு நிக்குது. அது சொறியச் சொறிய டிஸ் ஆனையிறவுப் பக்கம் திரும்பிக் கிடக்கு. நான் திருப்பி வைக்க, அடுத்த நாளும் அதே கூத்து. பொங்கலும் கிட்டிக்கொண்டு வருது. "மாட்டை ஒருக்காக் கட்டி வையுங்கோ ஐயா" எண்டு கெஞ்சினன்.

"அது வாடகைக்கு இருக்கேல்லைத் தம்பி, வாடகைக்கு இருக்கிறவைக்குத்தான் என்ர சட்டம்."

ஒரு பெட்டி, ரெண்டு ரீவி

வேற வழியில்லாம ஐயாட்டையே போய் நிண்டன். "உங்கட டிஸ் பெட்டியில இருந்து யன்னலால ஒரு வயர் மேல இழுக்கிறன். ஓட்டை இல்லை, ஆணி இல்லை. ஆனா நீங்கள் கீழ எதைப் போடுறியளோ, அதுதான் மேலயும் வரும்." கடைசி வசனம் மனுசனுக்கு நல்லாப் பிடிச்சிட்டுது. உடனே ஓம் எண்டிட்டார்.

அதுக்குப் பிறகுதான் பகிடி. ஐயா கிரிக்கெட் பைத்தியம். லெச்சுமி அக்காக்கு ஏழு மணி நாடகம் வேணும். மணி அடிக்க, அக்கா விளக்குமாத்துக் கட்டையால நிலத்தில ரெண்டு தட்டுத் தட்டுவா. கீழ ஐயான்ர மனுசி உடன, "மாத்துங்கோ, மேல தட்டுகினம்" எண்டுவா. அவாக்கும் அந்த நாடகம் வேணும் எண்டது ஐயாக்குக் கன நாளாத் தெரியாது. ஒரு நாள் றோட்டில என்னை மறிச்சார்.

"ரிமோட் என்ர கையில, கட்டை லெச்சுமின்ர கையில, ஆரின்ர வீடு எண்டு எனக்கே சந்தேகமாக் கிடக்கு."

பொங்கல் அண்டு

படம் வராமப் போயிடுமோ எண்ட பயத்தில நான் பின்னேரமே போயிட்டன். முத்தையா அண்ணை முழுகி, வேட்டி கட்டி, திருநீறு பூசிக் கதிரையில இருக்கிறார். ரீவியில கிரிக்கெட் மட்ச் ஓடுது. கீழ ஐயான்ர சொந்தங்கள் கனடாவில இருந்து வந்து ஒரே கலகலப்பு. "தட்டுங்கோ அக்கா" எண்டன். "விருந்தாளி வந்திருக்கிற வீட்டில தட்டுறது மரியாதை இல்லத் தம்பி" எண்டு அக்கா கட்டையைத் தொடவே இல்லை. கோயிலில பொங்கல் தொடங்கியிருக்கும். எனக்கு அண்ணையின்ர முகத்தைப் பார்க்கேலாமக் கிடந்தது.

கீழ போய்க் கேட்பம் எண்டு பாதிப்படி இறங்கினன். அப்பத்தான் மேல சத்தம். திரும்பிப் பார்த்தால், அண்ணை ஊன்றுகோலை நல்ல கையால எடுத்து நிலத்தில தட்டுறார். அக்கா தட்டுற ரெண்டு தட்டு இல்லை; காவடிக்கு அடிக்கிற மேளத்தின்ர தாளம். முதல் மெதுவா, பிறகு விடாம. கீழ கலகலப்பு நிண்டுது. மட்ச் சத்தம் குறைஞ்சுது. கீழ யன்னலால தெரிஞ்ச ஐயா முகட்டை அண்ணாந்து பார்த்தார், பிறகு ரிமோட்டை அமத்தினார். நான் திரும்பி ஓடி ஏற, மேல ரீவியில அம்மன் வாசல் வந்திட்டுது. லெச்சுமி அக்கா அழுதிட்டா, நானுந்தான். பின்னால படியில காலடிச் சத்தம். ஐயாவும் மனுசியும் கனடாக்காரரும் ஆளுக்கொரு கதிரையோட ஏறி வருகினம்.

"கீழயும் இதுதான் ஓடுது முத்தையா, ஆனா காவடி எடுத்த ஆள் நீ மேலயெல்லோ இருக்கிறாய்."

கடைசியா ஓட்டை

அடுத்த கிழமை ஐயாவே கோல் எடுத்தார். "ட்றில் மெசினோட வா. முத்தையாக்குத் தனி டிஸ் பூட்டு, சுவரில இடம் நான் காட்டுறன்." பென்சிலால புள்ளியும் போட்டு வைச்சிருந்தார். நான் வயரைக் கொழுவி மெசினைத் தூக்க, முத்தையா அண்ணை ஊன்றுகோலை நீட்டி மறிச்சார்.

"இம்புட்டுப் பாடுபட்டு எல்லாரும் ஒண்ணா உக்காந்தோம், இனித் தனியாப் பாக்கவா தம்பி ஓட்டை போடுற?"

ஆக, இந்தத் தொழிலில வீட்டுக்காரர் தானே புள்ளி போட்டுக் குடுத்தும் ஓட்டை போடாமத் திரும்பி வந்த ஒரே ஆள் நானாத்தான் இருப்பன்.